மலைக்காட்டு டிராக்டர், டில்லர், ஜென்செட்: ஃபில்டர் வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

கேத்தி பாலாடா

அண்ணன்மாருக்கு வணக்கம். ஊட்டிப் பக்கம் கேத்தி பாலாடாவிலிருந்து எழுதுறேன். 45 ஹெச்.பி. டிராக்டர், மூணு சிலிண்டர், காத்தை அழுத்தி எஞ்சினுக்குள்ள தள்ளுற டர்போ இல்லாதது. கேரட் காட்டு வேலை, டிரெய்லர் இழுவை ரெண்டும் இருக்கு. ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாத்துற நேரம் வந்தாச்சு. கம்பெனி டப்பா விலையில் பாதிக்கு, பேர் தெரியாத டப்பா கடையில் கிடைக்குது. மரை ஒண்ணுதான், சைஸும் ஒண்ணுதான். உள்ளே அப்படி என்ன வித்தியாசம்? இப்போ வண்டியில் இருக்கிறது அந்தப் பேர் தெரியாத ரகம். காலையில் ஸ்டார்ட் பண்ணினா ஆயில் லைட் அணைய அஞ்சாறு செகண்ட் ஆகுது, அதுவரைக்கும் எஞ்சின் டொக்டொக்னு அடிக்குது. மதியம் ஸ்டார்ட் பண்ணினா சத்தமே இல்லை.

டீசல் பட்டறை

தம்பி, உங்க கேள்விக்குப் பதில் நீங்க எழுதின கடைசி ரெண்டு வரியிலேயே இருக்கு.

புது டப்பாவைத் திருப்பி வாயைப் பாருங்க. நடுவில் மரையோட பெரிய துளை, சுத்தி சின்னத் துளைகள். ஆயில் சின்னத் துளை வழியா உள்ளே போய், தாளைத் தாண்டி, நடுத்துளை வழியா எஞ்சினுக்குப் போகும். சின்னத் துளைகளுக்குப் பின்னால வட்டமா ஒரு ரப்பர் தட்டு படிஞ்சிருக்கும். எஞ்சின் நின்னதும் ஆயில் திரும்ப எஞ்சின் அடித்தொட்டியான சம்புக்கு வடியாம பிடிச்சு வைக்கிறது அதுதான். படுக்கை வாக்கிலோ தலைகீழாகவோ மாட்டுற ஃபில்டருக்கு அது கட்டாயம் வேணும். அந்த ரப்பர் மட்டரகமா இருந்தா ராத்திரி குளிரில் விறைச்சு ஓரம் தூக்கிக்கும், டப்பா காலியாகும். காலையில் பம்ப் முதல்ல டப்பாவை நிரப்பி, அப்புறம்தான் பேரிங்குக்கு ஆயில் தள்ளும். நீங்க கேக்குற டொக்டொக் அந்த இடைவெளியில் வர்ற சத்தம். மதியம் ரப்பர் இளகியிருக்கும், நிறுத்தி ரொம்ப நேரமும் ஆகியிருக்காது, அதனால சத்தம் வராது. ஆயில் மட்டம் குறைஞ்சாலும் பம்ப் தேஞ்சாலும் லைட் லேட்டாத்தான் அணையும். ஆனா குளிர் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தா முதல் சந்தேகம் ஃபில்டர்.

கடையிலேயே சோதிக்கலாம். சுத்தமான பென்சில் நுனியால் சின்னத் துளை வழியா அந்த ரப்பரை லேசா அழுத்திப் பாருங்க. பட்டுனு பழைய இடத்துக்கு வரணும். அழுத்தின இடம் குழியாவே நின்னாலோ, அட்டை மாதிரி விறைப்பா இருந்தாலோ வாங்காதீங்க. சிலிகான் ரப்பர் குளிருக்கும் சூட்டுக்கும் நல்லா தாங்கும். பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் வரும். ஆனா நிறத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சாயம் போட்ட ரப்பரும் உண்டு.

ரெண்டாவது, பைபாஸ் வால்வு. தாள் அடைச்சாலோ ஆயில் கெட்டியா இருந்தாலோ, எஞ்சினுக்கு ஆயிலே போகாம இருக்கிறதைவிட வடிகட்டாத ஆயிலாவது போகட்டும்னு திறக்கிற ஸ்பிரிங் வால்வு. எவ்வளவு அழுத்தத்தில் திறக்கணும்னு எஞ்சினுக்கு எஞ்சின் கணக்கு வேற. சில எஞ்சினில் அந்த வால்வு ஃபில்டர் தலையிலேயே இருக்கும், அதுக்கு வர்ற டப்பாவில் வால்வு இருக்காது. ஒரே மரையில் கார் ஃபில்டரும் ஏறும், டிராக்டர் ஃபில்டரும் ஏறும். 3/4 இஞ்ச் 16 மரை, எம்20க்கு 1.5 மரை, இதெல்லாம் எத்தனையோ வண்டிக்குப் பொது. ஸ்பிரிங் இளசா உள்ள டப்பாவை மாட்டினா ஊட்டிக் காலைக் குளிரில் வால்வு ரொம்ப நேரம் திறந்தே கிடக்கும், அழுக்கு ஆயில் நேரா பேரிங்குக்குப் போகும். வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால மரை ஏறுதான்னு பார்த்து வாங்காதீங்க, பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்க.

மாட்டுற முறை: பழைய டப்பா கழன்றதும் ஃபில்டர் தலையில் விரலை ஓட்டிப் பாருங்க. சில சமயம் பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுமேலயே புதுசை மாட்டினா ரெட்டை ரப்பர், லோடு ஏறினதும் பிச்சுக்கிட்டு ஆயில் மொத்தமும் வெளியே வந்துடும். புது ரப்பரில் புது ஆயில் ஒரு சொட்டு தடவுங்க, கிரீஸ் வேண்டாம். ரப்பர் தலையைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று, கையால மட்டும். பட்டை ஸ்பேனர் கழட்டத்தான், இறுக்க இல்லை. அப்புறம் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, லைட் அணையிற வரைக்கும் ஆக்சிலேட்டரைத் தொடாம விடுங்க. நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு டிப் ஸ்டிக் பாருங்க. டப்பா குடிச்ச ஆயிலுக்கு மட்டம் இறங்கியிருக்கும், அதை ஊத்தி நிரப்புங்க.

ஃபில்டர் கவுண்டர்

கடைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்றேன். சந்தையில் மூணு ரகம் உண்டு. டிராக்டர் கம்பெனி பேர் போட்ட டப்பா ஒண்ணு. அடுத்தது ஃபில்டர் செய்யுற கம்பெனிகள் தங்க பேரிலேயே விக்கிறது: ஃப்ளீட்கார்ட், பாஷ், மாலே, எலோஃபிக், டொனால்ட்சன் மாதிரி. மூணாவது ஊரும் பேரும் இல்லாத டப்பா. ரெண்டாவது ரகத்தை நம்பி வாங்கலாம், விலையும் பெரும்பாலும் கம்பெனி டப்பாவைவிடக் குறைச்சல். ஆனா அவங்க கேட்டலாக்கில் உங்க டிராக்டர் மாடலுக்கு நேரா எந்த நம்பர் இருக்குதோ அதுதான் வாங்கணும். 'இதுவும் சேரும் சார்'னு கடைக்காரர் சொன்னா கேட்டலாக்கைக் காட்டச் சொல்லுங்க.

போலி டப்பாவும் நிறைய உலாவுது. ஹாலோகிராம், க்யூ.ஆர். கோடு இருந்தா போனில் ஸ்கேன் பண்ணிப் பாருங்க. அட்டைப் பெட்டியில் உள்ள பேட்ச் நம்பரும் தகர டப்பாவில் அடிச்ச நம்பரும் ஒத்துப்போகணும். பெயின்ட் நகத்தால் சுரண்டினா உரியக் கூடாது. மரைத் துளை ஓரத்தில் இரும்புப் பிசிறு இருந்தா அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க. நடுத்துளை எஞ்சினுக்குப் போற பக்கம், அங்கே உள்ள பிசிறு வடிகட்டப்படாம நேரா பேரிங்கில் போய் விழும்.

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பலரும் ஏமாறுறாங்க. '10 மைக்ரான் ஃபில்டர்'னு மட்டும் போட்டிருந்தா அதுக்கு அர்த்தமே இல்லை. 10 மைக்ரான் துகள் நூறில் ஐம்பதைப் பிடிச்சாலும் அப்படி எழுதலாம், தொண்ணூத்தொன்பதைப் பிடிச்சாலும் எழுதலாம். அந்த அளவுத் துகள் எத்தனையில் ஒண்ணு தப்பும்னு சொல்ற பீட்டா மதிப்பைக் கேளுங்க. பீட்டா 2ன்னா ரெண்டில் ஒண்ணு தப்பிச்சுடும். பீட்டா 75ன்னா எழுபத்தஞ்சில் ஒண்ணுதான் தப்பும், அதாவது 98.7 சதவீதம் பிடிக்கும். பீட்டா 200ன்னா 99.5 சதவீதம். ஆயில் ஃபில்டருக்கு ஐ.எஸ்.ஓ. 4548, ஏர் ஃபில்டருக்கு ஐ.எஸ்.ஓ. 5011ன்னு சோதனை முறை இருக்கு. நல்ல கம்பெனி டேட்டா ஷீட்டில் இதெல்லாம் இருக்கும்.

தேயிலை ஜென்செட்

கேத்தி தம்பிக்கு ஒரு யோசனை. கழட்டின பழைய டப்பாவைத் தூக்கிப் போடாமல் அறுத்துப் பாருங்கள். ஆக்சா பிளேடால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே விழுந்து குழப்பிவிடும். பைப் வெட்டுகிற உருளைக் கட்டர் போன்ற ஃபில்டர் கட்டர்தான் சரி. ராத்திரி முழுக்க வடியவிட்டு வாயோரமாக வெட்டுங்கள். தாளை உருவி, மடிப்புகளை விரித்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுகிற தூள் என்றால் ரிங், லைனர், கேம் போன்ற இரும்புப் பாகங்களில் தேய்மானம். பித்தளை மினுமினுப்பு ஒட்டாமல் நின்றால் புஷ், பேரிங். கறுப்புச் சகதி மட்டும் இருந்தால் ஆயில் மாற்றக் கெடு தாண்டிப் போயிருக்கிறது.

ஃபில்டரின் தரமும் அங்கேயே தெரிந்துவிடும். மடிப்புகள் சம இடைவெளியில் நிற்கிறதா, ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்கிறதா? தாளின் இரு முனையும் சேரும் தையல் ஓரத்தில் பசை முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா? நடுக்குழாய் நெளிந்திருக்கிறதா? பசை விட்டிருந்தால் ஆயில் அந்தச் சந்து வழியாகவே போயிருக்கும். தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயன் இல்லை.

பூம்பாறை மேடு

ஏர் ஃபில்டர் பத்தி யாரும் எழுதலையே. எங்க பக்கம் எல்லாரும் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காத்து அடிச்சுத் திரும்ப மாட்டிக்கிறாங்க. ஒரு ஃபில்டரை ரெண்டு வருஷம் ஓட்டலாம். புதுசுக்கு எதுக்குச் செலவு?

டீசல் பட்டறை

இதை நான் ஒத்துக்கவே மாட்டேன், பூம்பாறை நண்பரே. டயருக்கு வெச்ச அழுத்தத்தில் தாளில் அடிச்சா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அடிச்சே ஆகணும்னா 2 பாருக்குள்ள, அதாவது 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே, உள்ளிருந்து வெளிப்பக்கமா, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு அடிங்க. டயர்மேல தட்டுறது கூடவே கூடாது. தகர ஓரம் நெளிஞ்சா சீல் போச்சு. அடிச்ச பிறகு உள்ளே ஒரு பல்பை விட்டு இருட்டில் பாருங்க. ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சாலும் தூக்கிப் போடுங்க. உள்ளே இருக்கிற ரெண்டாவது சின்ன ஃபில்டரை அடிக்கவோ கழுவவோ கூடாது, மாத்தத்தான் வேணும். வெளியில் இருக்கிற பெரிய ஃபில்டர் கிழிஞ்சா எஞ்சினைக் காப்பாத்த வெச்சது அது.

புது ஏர் ஃபில்டர் வாங்கும்போது தாளைவிட வாய் ரப்பரைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். கட்டைவிரலால் அழுத்தினா மெத்துனு அமுங்கி உடனே எழும்பணும். சுத்தளவு முழுக்க ஒரே தடிமன் வேணும். பழைய ஃபில்டரோட ரப்பரில் ஹவுசிங் (ஃபில்டர் உட்காருற கூடு) பதிஞ்ச தடம் வளையமா விட்டுப்போகாம இருக்கணும். ஒரு இடத்தில் தடம் இல்லைன்னா அங்கேதான் புழுதி உள்ளே போயிருக்கு. ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போற குழாயின் உள்பக்கம் சுத்தமான விரலை வெச்சு இழுத்துப் பாருங்க. விரலில் செம்மண் பவுடர் ஒட்டினா ஃபில்டர் என்ன விலையா இருந்தாலும் வீண். கிளாம்ப், குழாய் வெடிப்பு, ரப்பர், மூணையும் பாருங்க. மண்ணில் உள்ள மணல் துகள் இரும்பைவிடக் கடினம். ஆயிலோட கலந்தா ரிங்கையும் லைனரையும் சாணை பிடிச்சுடும்.

மலையில் இன்னொரு கணக்கும் இருக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைச்சல். டர்போ இல்லாத எஞ்சின் ஏற்கெனவே காத்துப் பஞ்சத்தில்தான் ஓடுது. அடைப்பைக் காட்டுற ஏர் ஃபில்டர் இண்டிகேட்டர், குழாயில் தண்ணியை 62 செ.மீ. உயரத்துக்கு இழுக்கிற அளவு உறிஞ்சல் வந்தா பொதுவா சிவப்பு காட்டும். கீழே சமவெளியில் அது இருக்கிற காத்தழுத்தத்தில் 6 சதவீதம், ஊட்டியில் 8 சதவீதம். அதனால இங்கே சிவப்பு முழுசா வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஏத்தத்தில் டிரெய்லர் இழுக்கும்போது கரும்புகை கூடினா முதல்ல ஏர் ஃபில்டரைப் பாருங்க, அப்புறம்தான் டீசல் பீய்ச்சுற நாசில், டீசல் பம்ப். புகையைப் பார்த்ததும் பம்பைக் கழட்டி அளவு சரிபார்க்கிற கேலிபிரேஷனுக்கு அனுப்புறவங்க நிறைய. அது பல ஆயிரம் ரூபா வேலை.

பூம்பாறை மேடு

பல்பு சோதனை பண்ணிப் பார்க்கிறேன் அண்ணா. இன்னொரு சந்தேகம். டில்லரில் இருக்கிறது ஆயில் பாத் ஏர் கிளீனர், கிண்ணத்து ஆயிலில் புழுதியைப் பிடிக்கிற ரகம். பூண்டுக் காட்டு மேடையில் சாய்வா ஓட்டினா வெள்ளைநீலப் புகை வருது. சமதளத்தில் வந்தா நின்னுடுது.

டீசல் பட்டறை

கிண்ணத்து ஆயில் எஞ்சினுக்குள்ள இழுபடுது. கிண்ணத்தில் கோடு ஒண்ணு இருக்கும், அந்தக் கோட்டுக்கு ஒரு நூல்கூட மேல ஊத்தாதீங்க. 'கூட ஊத்தினா நல்லா வடிகட்டும்'ங்கிறது தப்பு. டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கிட்டு, டீசலை மூடினாலும் நிக்காம ஓட ஆரம்பிச்சுடும். அப்படி ஓடினா காத்து போற வாயை மரப்பலகையால் அடைக்கணும், கையை வெச்சு அடைக்கப் போகாதீங்க.

ஊத்துறது எஞ்சினுக்குப் போடுற அதே ஆயில், புதுசு. கழிவு ஆயில் ஊத்தக் கூடாது. அடியில் சகதி அரை இஞ்ச் நின்னா மாத்துற நேரம். கம்பி வலையை டீசலில் அலசி முழுசா வடியவிடுங்க. பெட்ரோலில் அலசி உடனே மாட்டினா அந்த ஆவி எஞ்சினுக்குள்ள போகும், ஆபத்து. கோட்டளவு சரியா இருந்தும் சாய்வில் புகை வந்தா அந்த மேடைக்கு அந்த ஏர் கிளீனர் ஒத்து வராது. அதே எஞ்சின் மாடலுக்கு உலர் தாள் ரகம் கிடைக்குதான்னு கேட்டு மாத்திக்குங்க.

பெட்ரோல் எஞ்சினுள்ள சின்ன களை மெஷின், தேயிலை அறுக்கிற மெஷினுக்கெல்லாம் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சுதான். சோப்புத் தண்ணியில் கசக்கி, நிழலில் முழுசாக் காயவிட்டு, ரெண்டு சொட்டு ஆயில் தடவிப் பிழிஞ்சு மாட்டுங்க. மூடுபனி நாளில் காயலைன்னா மாட்டாதீங்க. மாத்து ஸ்பாஞ்சு ஒண்ணு கையில் இருக்கட்டும்.

தேயிலை ஜென்செட்

டீசல் ஃபில்டருக்கு வருகிறேன். மலையில் அதைக் கெடுப்பது புழுதியைவிடத் தண்ணீர்தான். பாதி காலியான டேங்கில் ராத்திரிக் குளிரில் காற்றின் ஈரம் தகரத்தில் வியர்த்து உள்ளே இறங்கும். மாலை வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைத்தால் வியர்க்க இடமே இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக வழவழப்பான படலம் இருந்தால் டேங்கில் கிருமி வளர்ந்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயன் இல்லை, டேங்கைக் கழட்டிக் கழுவ வேண்டும்.

கேனில் டீசல் கொண்டுபோய் காட்டில் ஊற்றுகிறவர்கள் ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடி இரண்டு விரல் அளவை விட்டுவிட்டு ஊற்றுங்கள்.

உறைபனிக் காலத்தில் இன்னொன்று. டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரத்தில், குளிரில் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு உச்சவரம்பு உண்டு: கோடை டீசலுக்கு 18 டிகிரி, குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி. அக்டோபருக்கு முன் வாங்கிக் கேனில் தேங்கிய டீசலை டிசம்பரில் ஊட்டி, மன்னவனூர் குளிரில் பயன்படுத்தினால் மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் திணறி நிற்கும். வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். அதற்கு ஃபில்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை, டீசலை மாற்றுங்கள். தீப்பந்தம் காட்டி டேங்கைச் சூடாக்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சுடுதண்ணீரில் நனைத்த சாக்கை ஃபில்டர்மேல் சுற்றினால் போதும்.

கேத்தி பாலாடா

டீசல் ஃபில்டர் ரெண்டையும் மாத்தினதும் ஏர் எடுக்கிற முறையையும் சொல்லிடுங்க சார். புது ஃபில்டரில் டீசல் ஊத்தி நிரப்பி மாட்டலாமா?

தேயிலை ஜென்செட்

ஊற்றாதீர்கள். கையால் ஊற்றுகிற டீசல் எந்தப் பக்கம் விழுகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. வடிகட்டிய பக்கம் விழுந்தால் அழுக்கு நேராகப் பம்புக்குப் போகும். பம்பில் டீசலை அழுத்துகிற தண்டான பிளஞ்சருக்கும் அது ஓடுகிற குழலான பேரலுக்கும் நடுவில் உள்ள சந்தே சில மைக்ரான்தான். காலியாக மாட்டி, டீசலைக் கையால் தள்ளுகிற ஹேண்ட் பிரைமரால் அடியுங்கள்.

முதலில் முதல் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் கம்பியாக வரும்வரை பிரைமரை அடித்து, அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு பம்ப் மேல் உள்ள ஸ்க்ரூ. அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்க வேண்டும். பீய்ச்சும் டீசலுக்கு நேராகக் கை போகக் கூடாது, அது தோலைத் துளைத்துவிடும். காப்பர் வாசர் ஒவ்வொரு முறையும் புதியது போடுங்கள்.

இது பழைய வகைப் பம்புக்குச் சொன்னது. 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து டிரெம் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது, அவற்றில் பலவும் காமன் ரெயில், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் போகிற வகை. அதில் இன்ஜெக்டர் நட்டைத் தொடவே கூடாது. ஃபில்டரும் அந்த மாடலுக்கென்று குறித்த நம்பர்தான். விலை குறைந்த டீசல் ஃபில்டரில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது, ஒரு இன்ஜெக்டர் விலையில் பல வருட ஃபில்டர் வாங்கலாம்.

ஃபில்டர் கவுண்டர்

இரட்டைக் கிண்ணம் உள்ள பழைய மாடலில் முதல் கிண்ணத்துக்குத் துணி அல்லது ஃபெல்ட், ரெண்டாவதுக்குத் தாள். ரெண்டும் ஒரே அளவில் இருக்கிறதால இடம் மாத்திப் போட்டுட்டு வர்றவங்க உண்டு. தாள் முன்னால நின்னா சீக்கிரம் அடைக்கும், பின்னால நிக்கிற துணியைத் தாண்டிப் பொடித் துகள் பம்புக்குப் போகும். வாங்கும்போதே பெட்டிமேல பேனாவில் 1, 2ன்னு எழுதி வாங்குங்க.

கேத்தி பாலாடா

ரொம்ப நன்றி. ஹைட்ராலிக் ஃபில்டர் விட்டுப்போச்சு. காலையில் லிஃப்ட் மெதுவா ஏறுது, முனகல் சத்தம் வருது. அப்புறம் மழைக்காலத்துக்கு ஒரு செட் ஃபில்டர் வாங்கி ஷெட்டில் வெச்சுக்கலாமா?

டீசல் பட்டறை

முனகல் சூடானதும் நின்னா ஆயில் கெட்டித்தனம், அல்லது உறிஞ்சு பக்கத்து வலை பாதி அடைப்பு. நாள் பூரா முனகினா ஃபில்டர் அடைப்பு, இல்லைன்னா உறிஞ்சு குழாயில் காத்து. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு. அப்போ ஃபில்டர் மட்டும் மாத்தினா புதுத்தாளும் ஊறிச் சுருங்கிடும். ஆயிலை முழுசா இறக்கி, வலையை அலசி, ரெண்டையும் சேர்த்து மாத்துங்க. மேனுவலில் போட்டிருக்கிற அதே கிரேடு ஆயில் ஊத்துங்க. பிரேக்கும் அதே ஆயிலில் முழுகி ஓடுற வண்டின்னா எஞ்சின் ஆயிலை அதில் கலக்கவே கூடாது.

ஒரு செட் வாங்கி வைக்கிறது நல்லது. ஊட்டிப் பக்கம்னா ஜூன் மழைக்கு முன்னாடி, கொடைக்கானல் பக்கம்னா அக்டோபர் மழைக்கு முன்னாடி வாங்கிடுங்க. ஆனா ஷெட்டில் அப்படியே வைக்காதீங்க. மூடுபனி ஈரத்தில் அட்டைப்பெட்டி ஊறும், தகர டப்பாவின் வாயில் துரு ஏறும், தாள் ஈரம் குடிச்சு மடிப்பு ஒட்டிக்கும். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காம, மூடி இறுகுற டப்பாவில் போட்டு வீட்டுக்குள்ள வைங்க. பெட்டிமேல வாங்கின மாசமும், மாட்டும்போது ஹவர் மீட்டர் எண்ணும் எழுதுங்க. எடுத்து மாட்டுறப்போ மரையில் துரு தெரிஞ்சா, துடைச்சு மாட்டலாம்னு நினைக்காதீங்க, அது மாட்டக் கூடாத டப்பா.

இப்போதைக்கு ஆயில் ஃபில்டரை மட்டும் இந்த வாரமே மாத்திடுங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம். மாத்தின மறுநாள் காலையில் லைட் எத்தனை செகண்டில் அணையுதுன்னு இங்கே எழுதுங்க. அதே அஞ்சாறு செகண்ட் ஆனா ஆயில் பம்பையும், ஆயில் அழுத்தம் மிஞ்சாம பார்த்துக்கிற ரிலீஃப் வால்வையும் பார்க்கணும்.

கேத்தி பாலாடா

சரிண்ணா, கேட்டலாக் நம்பரை வெச்சே வாங்குறேன். மாட்டிட்டு எழுதுறேன்.